பொறு, முள் வரும்

அந்த வரி அங்கே இருக்கக் கூடாது. கொம்பையா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். இருந்தது. விமானப் பயிற்சிப் பள்ளியின் கேன்டீன் கொட்டகையில், பிசுக்கேறிய பெஞ்சில், ஆறி ஆடை படிந்த டீக்குப் பக்கத்தில், லேப்டாப் திரையில், அழையாமல் வந்து பந்தியில் உட்கார்ந்துகொண்டவனைப் போல நகரமாட்டேன் என்று இருந்தது. மகள் இசக்கி இன்றைக்கு முதல்முறையாகத் தனியாகப் பறக்கப் போகிறாள், அதற்கு முன்னால் கேப்டனோடு ஒரு சுற்று போய்வருவாள், அதுவரை சும்மா உட்காருவானேன் என்று கோயம்புத்தூர் பார்ட்டி கேட்ட பேனலுக்காகப் பழைய ஃபைலைத் திறந்தார். திறந்திருக்க வேண்டாம். அவருடைய பிழைப்பே முள்ளை ஆடவைப்பதுதான். கம்ப்யூட்டருக்குள் பறக்கிற பொய் விமானத்துக்கு மெய்போல ஒரு பேனல், பேனலில் வட்ட வட்டமாக மீட்டர்கள், ஒவ்வொரு மீட்டரிலும் உயிருள்ளது மாதிரி திரும்புகிற ஒரு முள். மீட்டர் ஒரு படம், முள் ஒரு படம், இரண்டையும் சேர்த்துக் கட்டி மேய்ப்பது எக்ஸ்எம்எல் என்கிற எழுத்து: இந்த எண்ணைப் படி, இந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்பு, அறுபது என்றால் இங்கே நில், எண்பது என்றால் அங்கே நில். கடைசியில், வேண்டுமென்றால் மட்டும், டிலே என்று ஒரு வரி. எவ்வளவு அவசரம் வந்தாலும் இதற்கு மேல் வேகமாக நகராதே என்று முள்ளின் காலில் கட்டுகிற கட்டை. விமானம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லும் மீட்டருக்கு அந்தக் கட்டை வேண்டும், மெய்யான விமானத்திலேயே அந்த முள் மந்தம். காற்றில் போகிற வேகத்தைச் சொல்லும் மீட்டருக்குக் கூடவே கூடாது. இது வேக மீட்டரின் ஃபைல். ஏற்ற இறக்க மீட்டரின் வரிகளை அப்படியே நகல் எடுத்து, எண்களை மட்டும் மாற்றி வேக மீட்டர் செய்த அந்த மத்தியானம் அவருக்கு இப்போது முழுசாக ஞாபகம் வந்தது, மின்விசிறியின் கடகட உட்பட. எண்ணையெல்லாம் மாற்றினார். அந்த ஒரு வரியும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வந்து, மகள் பழகிய வீட்டு மிஷினில் உட்கார்ந்து, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர் செய்து கொடுத்த மிஷினில் உட்கார்ந்து, இத்தனை வருஷம் முள்ளைப் பிடித்துப் பிடித்து விட்டிருக்கிறது. நிமிர்ந்தார். புல்வெளியில் கேப்டன் விமலநாதன் கைரேடியோவோடு நின்றுகொண்டிருந்தார். கேப்டன் இங்கே நிற்கிறார் என்றால், அப்படியென்றால், வெள்ளை விமானம் ஓடுதளத்தின் மூலையில் திரும்பிக்கொண்டிருந்தது, கண்ணாடிக்குள் இடது பக்கம் ஒரு தலை தெரிந்தது, வலது பக்கம் காலி.

லேப்டாப்பை மூடாமலே எழுந்தார். வலது கால் வழக்கம்போல ஒரு தப்படி பின்னால் வந்தது. சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான், கேப்டன், அவளைக் கூப்பிடும், இன்னைக்கு வேண்டாம், ஒரு வரி, ஒரே ஒரு வரி. புல்லில் நடக்க நடக்க அந்தப் பேச்சு தொண்டை வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. கேப்டன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "வாங்க கொம்பையா சார். உங்க பொண்ணு இன்னைக்கு ராணி. நான் எறங்கறப்போ ‘சீக்கிரம் போங்க சார், எனக்கு வழி விடுங்க’ங்கறா." அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பேச்சு தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் இதே மனிதர்தான், பேனல் கொண்டுவந்து பூட்டிய அன்றைக்கு, முன்னால் உட்கார்ந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, "வேக முள்ளு கொஞ்சம் சோம்பேறியா இருக்குற மாதிரி இல்ல?" என்று கேட்டார். கொம்பையா அன்றைக்குக் குதித்த குதி. முள் நடுங்குகிறது, மலிவாகத் தெரிகிறது, வெண்ணெய் மாதிரி போகணும் என்று பள்ளிக்கூடத்து முதலாளி மாதக்கணக்கில் இழுத்தடித்திருந்த ஆத்திரம் எல்லாம் சேர்ந்து கேப்டன் தலையில் இறங்கியது. "உம்ம கண்ணுதான்வே சோம்பேறி! பழைய இரும்பை உருக்கி வித்துக்கிட்டிருந்தவன் படிச்சுப் படிச்சுச் செஞ்ச முள்ளு இது. குத்தம் சொல்ல வந்துட்டாரு." மாணவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேப்டன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இருக்கலாம், கண்ணாடியை மாத்தணும்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்குப் பரோட்டா வாங்கிப்போய்ச் சாப்பிட்டார். எந்தக் கடையில், எந்தச் சந்தையில், குரலை உயர்த்தாமல் அவருக்கு எது கிடைத்தது? உயர்த்தினால் எதிராளி வாயை மூடுவான், மூடினால் நாம் சொன்னது சரி. அப்படித்தான் இவ்வளவு தூரம் வந்தது. இப்போது இவரிடம் போய், இல்லை, பெருமையா இப்போது பெரிசு, பிள்ளை மேலே போகப் போகிறாள், சொல்லு, வாயைத் திற. "கேப்டன்," என்றார். கைரேடியோ கரகரத்தது, இசக்கியின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி என்னவோ சொன்னது, கேப்டன் ஒரு விரலை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு ரேடியோவில் "போம்மா" என்றார். என்ஜின் சத்தம் கூடியது. விமானம் ஓடியது. ஓடி, ஓடி, சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

இனிமேல் சொல்லக் கூடாது. அதுவரைக்கும் சொல்ல முடியவில்லை, இனிமேல் சொல்லவே கூடாது, இது எவ்வளவு வசதியாக வந்து வாய்க்கிறது பார். மேலே இருக்கிறவளிடம் போய், தாயி, உனக்கு உங்கப்பன் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று ரேடியோவில் சொன்னால் அவள் எதை நம்புவாள், கையையா, முள்ளையா, அப்பனையா? ஒன்றும் இல்லை, ஒன்றும் ஆகாது, கேப்டனோடு எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறாள், மெய்யான விமானத்தில் மெய்யான முள்ளைப் பார்த்துத்தானே பறந்தாள், கை பழகியிருக்காதா. பழகியிருக்கும். ஆனால் அவள் முதலில் பழகியது அங்கே இல்லையே. முதலில் பழகியது வீட்டுப் பின்கட்டில், பிளைவுட் பலகையில் அவர் செய்து வைத்த பேனலுக்கு முன்னால், உடைப்புக்கு வந்த அம்பாசிடரின் சீட்டில், பரீட்சை லீவு முழுக்க, கையில் கொய்யாக்காயோடு. முதல் முள்ளை அவர் ஆடவிட்டபோது சுற்றுப் புள்ளியைத் தப்பாகக் கொடுத்துவிட்டதால் அது மீட்டரை விட்டே வெளியே போய், விளக்குமாற்றுக் குச்சி மாதிரி பேனல் முழுக்க வீசி அடித்தது. இசக்கி விழுந்து விழுந்து சிரித்தாள். "எப்பா, முள்ளு ஓடிப்போச்சு, போலீசுல சொல்லு!" அந்தப் பிள்ளைக்கு அவர் என்ன சொல்லிக்கொடுத்தார்? வேகம் குறைந்து முள் கீழே இறங்கினால் மூக்கை லேசாக அமுக்கு என்றார். அமுக்கினாள். முள் ஏறவில்லை. இன்னும் அமுக்கப் போனாள். "பதறாதட்டி. பொறு, முள் வரும்." பொறுத்தாள். முள் வந்தது, மெதுவாக, வெண்ணெயில் இறங்கிய கத்தி மாதிரி. அவருக்குப் பெருமையாக இருந்தது, விமானம் என்றால் இப்படித்தான் கம்பீரமாக இருக்கும் என்று நினைத்தார், பொறுமை இல்லாத அப்பனுக்குப் பிறந்த பிள்ளைக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நினைத்தார். பொறு, முள் வரும். எத்தனை தடவை. சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறபோதெல்லாம் உள்ளேயிருந்து அவளே கத்துவாள், "பொறும்மா, முள் வரும்!" மெய்யான விமானத்தில் முள் உடனே வரும். வரவில்லை என்றால் வேகமே வரவில்லை என்று அர்த்தம், நீ அமுக்கியது பத்தவில்லை என்று அர்த்தம். அங்கே பொறுத்தால், அங்கே ஒரு மூச்சு பொறுத்தால், கீழே பொறுக்கிற இடம் இல்லை.

விமானம் இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது, கரிசல் காட்டுக்கு மேலே ஒரு வெள்ளை நகம் மாதிரி. கொம்பையாவின் வலது கால் தானாகப் புல்லை அமுக்கியது. அந்தக் காலுக்குத் தெரியும். அவர் வண்டி ஓட்டப் பழகியது இரும்புக்கடை அண்ணாச்சியின் பழைய புல்லட்டில், அதில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. அப்புறம் சொந்தமாக வாங்கிய வண்டியில் எல்லாமே தலைகீழ். அதையும் ஓட்டினார், வருஷக்கணக்காக ஓட்டினார், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிரேக் வலது என்று சொல்லியிருப்பார். ஒரு நாள் சாத்தூர் ரோட்டில், வளைவில், லாரியின் முகம் முழுசாக எதிரே வந்து நின்றபோது அவருடைய இடது கால் போய் அமுக்கியது. இடது கால்! பழகின அத்தனை வருஷமும் எங்கே போனது? அறிவு இல்லையா, அனுபவம் இல்லையா? எல்லாம் இருந்தது, பயம் வந்ததும் எல்லாம் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டது, முதன்முதலில் வந்தவன் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அவருக்கு அந்த வலியைவிட அந்த ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. உடம்பு, பயந்தால், முதல் வாத்தியாரிடம் ஓடுகிறது. இசக்கியின் முதல் வாத்தியார் கேப்டன் இல்லை. முதல் வாத்தியார் இங்கே புல்லில் நிற்கிறான், ஒரு கால் குட்டையாக.

"அங்கிள், என்ன இப்படி வேர்த்துக் கொட்டுது?" ஃபர்ஹானா. இசக்கியோடு படிக்கிற பெண், கீழக்கரைக்காரி. காலையிலேயே கேப்டனோடு சுற்று முடித்துவிட்டுத் தன் முறைக்காகக் காத்திருந்தாள். இசக்கி இறங்கியதும் அதே விமானத்தில் இவள் தனியாக ஏற வேண்டும். காலடியில் ஒரு பச்சை வாளி, தளும்பத் தளும்பத் தண்ணீர். முதல் தடவை தனியாகப் பறந்துவிட்டு வந்து இறங்குகிறவர்கள் தலையில் வாளியோடு கவிழ்ப்பது பள்ளிக்கூடத்து வழக்கம். "ஐஸ் போட்டிருக்கேன் அங்கிள், சொல்லிராதீங்க. நாளைக்கு வரைக்கும் விட்டா அவளும் ஐஸ் தேடிக்கிட்டு வந்துருவா, அதான் நானும் இன்னைக்கே போயிடறேன்." அவள் சிரித்தாள். அவர் வாளிக்குள் பார்த்தார். தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது, என்ஜின் சத்தத்தினாலா, காற்றினாலா. அதில் ஒரு துண்டு வானம், அந்த வானத்தில் விமானம் இல்லை. "உங்க பேனல்லதான் அங்கிள் நான் ராப்பகலா கெடக்கேன். முள்ளு என்னமா போகுது, வெண்ணெய் மாதிரி! நீங்க அன்னைக்குச் சொன்னீங்கல்ல, பொறு முள் வரும்னு, அதை எங்க பேட்ச்சே மந்திரமா வச்சிருக்கு." அவர் தலையை ஆட்டினார். காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை, உள்ளே இடமில்லை. உள்ளே அவர் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஊர் எல்லையில் நிற்கிற இசக்கியம்மனிடம், எவள் பெயரைப் பிள்ளைக்கு வைத்தாரோ அவளிடம், நேருக்கு நேர். தாயே, பாரு, நான் ஒண்ணும் சும்மா கேக்கல, குடுத்து வாங்குதவன்தான் நான், இந்தக் காலை எடுத்துக்கோ, ஏற்கெனவே பாதிதான் இருக்கு, மிச்சத்தையும் எடுத்துக்கோ. அது பத்தாதா, சரி, கண்ணு. ஒரு கண்ணு. முள்ளு செய்யுத தொழிலை விட்டுருதேன், அதுவும் பத்தாதா, என்ன தாயே ஏறிக்கிட்டே போற, இறங்கி வா, கொஞ்சம் இறங்கி வா. இறங்கி வா என்று யாரைச் சொன்னோம்? எப்படி இறங்கி? வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், தாயே, அப்படி இல்லை, மெதுவாக, அவளுடைய இஷ்டத்துக்கு, சக்கரத்தின் மேலே.

கேப்டன் கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். "இப்போ கடைசித் திருப்பம்," என்றார், கிரிக்கெட் பார்க்கிறவர் மாதிரி. கடைசித் திருப்பம் என்றால் என்னவென்று கொம்பையாவுக்குத் தெரியும், பேனலிலேயே அவர் அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார்: வேகத்தைக் குறைத்துக்கொண்டே, உயரத்தை இழந்துகொண்டே, சாய்ந்துகொண்டே ஓடுதளத்துக்கு நேராக வருகிற இடம், எல்லாம் ஒரே நேரத்தில் கையைவிட்டுப் போகிற இடம். அங்கேதான் முள் இறங்கும். அங்கேதான் அவள் மூக்கை அமுக்குவாள். அமுக்கிவிட்டு, எவனோ ஒருவன் சொல்லிக்கொடுத்தபடி, பொறுப்பாள். விமானம் சாய்ந்தது. அவருக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை, ஒரு வட்டம்தான் தெரிந்தது, கறுப்பு வட்டம், வெள்ளை எண்கள், அதில் அவர் கையால் வரைந்த முள், மேல்நுனியில் கொஞ்சம் கோணல், அந்தக் கோணலைச் சரிசெய்யவே இல்லை, அந்த முள் கீழே வந்தது, எழுபது, பொறு, அறுபத்தைந்து, பொறு, இவளுக்கு ஏன் பொறுமையைக் கொடுத்தேன், என் ஆங்காரத்தைக் கொடுத்திருக்கக் கூடாதா, என் அவசரத்தை, எதையும் ஒரு நிமிஷம் பொறுக்காத என் புத்தியை. அமுக்கு. அமுக்கட்டி. வாய் திறந்தே கத்திவிட்டார் போலிருக்கிறது, ஃபர்ஹானா திரும்பிப் பார்த்தாள். அதே நேரம் விமானம் மூக்கைக் கீழே குத்தியது. வெடுக்கென்று. விழுகிறது என்று அவருக்குத் தோன்றியது, விழுந்துவிட்டது என்றே தோன்றியது, கண்ணை மூடிக்கொண்டார், மூடிய கண்ணுக்குள்ளும் முள் போய்க்கொண்டே இருந்தது. என்ஜின் உறுமுகிற சத்தம். ரேடியோவில் இசக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, இறங்கவில்லை, மறுபடி சுற்றி வருகிறேன் என்றாள். கண்ணைத் திறந்தபோது தலைக்கு மேலே வெள்ளை வயிறு ஏறிப் போய்க்கொண்டிருந்தது. "நல்ல பொண்ணு," என்றார் கேப்டன், "சந்தேகம் வந்தா சுத்திட்டு வரணும். நெறைய பேரு வெக்கப்பட்டுக்கிட்டு எறக்கிடுவாங்க." வெட்கப்பட்டுக்கொண்டு. இன்னும் ஒரு சுற்று. இன்னொரு முறை அந்தத் திருப்பம். இப்போதாவது சொல்லலாம், கேப்டன் பக்கத்திலேயே நிற்கிறார், கையெட்டும் தூரம். சொல்லவில்லை. நின்றார். அது எப்படிப் போனது என்று பின்னால் யார் கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது. சக்கரம் தரையைத் தொட்டு ஒரு தடவை துள்ளி மறுபடி தொட்டு உருண்டது மட்டும் தெரியும், தன் கன்னத்தில் ஈ உட்கார்ந்திருந்தது தெரியும், அதை விரட்டக்கூட இல்லை என்பது தெரியும்.

இறங்கி வந்தவள் தலையில் ஃபர்ஹானாவும் இன்னும் நாலு பேரும் வாளியைக் கவிழ்த்தார்கள். இசக்கி அலறினாள், "ஐஸாட்டி போட்டிருக்க, சண்டாளி!" பாதித் தண்ணீர் கொம்பையா மேல் விழுந்தது, சட்டை முதுகோடு ஒட்டியது, அந்தக் குளிர் விழுந்த பிறகுதான் தான் அங்கே நிற்கிறோம் என்பதே அவருக்கு உறைத்தது. ஈரத்தோடு வந்து கட்டிக்கொண்டாள். அவர் அவளுடைய தலையைத் தொட்டுப் பார்த்தார், காதைத் தொட்டுப் பார்த்தார், சந்தையில் மண்பானை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பது மாதிரி. "கடைசித் திருப்பத்துல வேகம் விழுந்துட்டுப்பா," என்றாள் அவர் தோளுக்குள், "முள்ளு இறங்குதப்பவே, அந்த நிமிசமே, அமுக்கிட்டேன், பவர் குடுத்துட்டேன்." அவர், "பொறுக்கலையா நீ?" என்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, சிரிப்பு அடங்கியது. "உங்களுக்குத் தெரிஞ்சுட்டா?" என்றாள் மெல்ல. "மொத மொத கேப்டனோட ஏறுனப்பவே பாத்தேன், முள்ளு ஒடனே வந்துச்சு. வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்து அந்த டிலேயைத் தூக்கிட்டேன். அதுக்கப்புறம் தினமும் அதுலதான் பழகுனேன், பழசு கையை விட்டுப் போற வரைக்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா?" என்றாள் இசக்கி. அவ்வளவுதான். கோபம் இல்லை அதில், குத்தல் இல்லை, வீட்டில் வளர்ந்த பிள்ளை கேட்கிற கேள்வி. அவருக்குள்ளிருந்து வழக்கமாகப் பாய்ந்து வரும் ஆங்காரம் எழுந்து பாதி வந்து நின்றது. "இங்க பள்ளிக்கூடத்து மிஷின்லயும் எடுத்துட்டியா?" என்றார். அவள் உதட்டைக் கடித்தாள். "அது நீங்க பூட்டிக் குடுத்த பொருள்லப்பா. அதுக்குப் பாஸ்வேர்டு உங்ககிட்டதான் இருக்கு. சொல்லணும் சொல்லணும்னுதான்..." பயம் போய்விட்டது என்று நினைத்திருந்தார். போகவில்லை, ஒரு வீட்டிலிருந்து இறங்கி அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறது. உங்க பேனல்லதான் அங்கிள் ராப்பகலா கெடக்கேன். காதில் விழுந்து வெளியிலேயே நின்றிருந்த அந்தப் பேச்சு இப்போது உள்ளே வந்தது, ஐஸ் தண்ணீரைவிடக் குளிராக. பேட்ச்சே மந்திரமா வச்சிருக்கு. வாளி புல்லில் உருண்டு கிடந்தது. ஃபர்ஹானாவைக் காணவில்லை. விமானத்தின் இடது பக்கக் கண்ணாடிக்குள் அவளுடைய முக்காட்டின் நீலம் தெரிந்தது, வலது பக்கம் காலி, காற்றாடி சுற்ற ஆரம்பித்திருந்தது, கேப்டன் எதிரே நின்று கட்டை விரலை உயர்த்தக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். நாலு பேர் பார்ப்பார்கள். முதலாளி வருவார். கோயம்புத்தூர் வரைக்கும் செய்தி போகும். இது எல்லாம் ஓர் ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்க, குட்டைக் கால் முன்னாலேயே கிளம்பிவிட்டது, ஈரப் புல்லில் வழுக்கி, ஊன்றி, வழுக்கி, அவர் போய்க் கேப்டனுடைய தூக்கிய கையை மணிக்கட்டோடு பிடித்துக் கீழே இழுத்தார்.

"அவளை நிறுத்தும், கேப்டன்," என்றார். மூச்சு வாங்கியது. மாணவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "உம்ம கண்ணு சோம்பேறி இல்ல. என் முள்ளுதான்."